பாத் டப்பைத் திறந்தால் ஷவர் பக்கம் நாறுகிறது: டைல்ஸை உடைக்கும் முன்

கேள்வி: திருச்சியில் எங்கள் வீட்டு முதல் மாடிக் குளியலறையைப் புதுப்பித்தபோது ஒரு பக்கம் ஷவரும் இன்னொரு பக்கம் பாத் டப்பும் வைத்தோம். டப்பில் குளித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டால், ஷவர் பக்கத்து ஜாலியில் குளுக் குளுக்கென்று சத்தம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் சாக்கடை நாற்றம். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் இன்னும் மோசம். மறுநாள் யாராவது ஷவரில் குளித்த பிறகு குறைந்துவிடுகிறது. பிளம்பர் முதலில் ஆசிட் ஊற்றச் சொன்னார். அன்றைக்கு நாற்றம் போனது, அடுத்த தடவை டப்பைத் திறந்ததும் திரும்பி வந்தது. இப்போது டைல்ஸை உடைத்து 75 மி.மீ. குழாயை எடுத்துவிட்டு 110 மி.மீ. போடவேண்டும் என்கிறார். வெளிச்சுவரில் இறங்கும் குழாயின் படத்தை அனுப்பியிருக்கிறேன். உடைக்கத்தான் வேண்டுமா, இல்லை டப்பையே எடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உடைக்க வேண்டாம். டப்பையும் எடுக்க வேண்டாம். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிச்சுவரில் இறங்கும் அந்த 75 மி.மீ. குழாய், குளியலறைக் குழாய் வந்து சேரும் இடத்துக்கு அரையடி மேலே முடிந்துவிடுகிறது. அதன் வாயில் ஒரு மூடியை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். மொட்டை மாடிக்கு மேல்வரை திறந்தபடி போகவேண்டிய குழாய் அது. பத்துப் பன்னிரண்டு அடிக் குழாயை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் தொல்லையின் பெரும்பகுதி அந்த மூடியில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் பிளம்பரிடம் பேசினால் அவர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள்.

ஜாலிக்கு அடியில் இருக்கும் நானி ட்ராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். குழாய்க்குள் இருக்கும் கெட்ட காற்று அறைக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். 1775-ல் லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங், வளைந்த குழாயில் தண்ணீரை நிறுத்தும் கழிப்பறை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் உலகம் அதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. ட்ராப்பில் நிற்கவேண்டிய தண்ணீரின் ஆழம் குறைந்தது 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலம். இது தாங்கக்கூடிய அழுத்த வித்தியாசம் மிகக் கொஞ்சம். வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 200-ல் ஒரு பங்கு. குழாய்க்குள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சல் ஏற்பட்டாலும் தண்ணீர் இழுபட்டுப் போய்விடும்.

இப்போது ஷவரையும் டப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஷவரில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் சுமாருக்கு விழும். டப்பில் 150 லிட்டர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடைப்பானை எடுத்ததும் நிமிடத்துக்கு 40, 45 லிட்டர் வேகத்தில் இறங்கும். மூன்று நான்கு நிமிடம் விடாமல் கொட்டும். இப்படிக் கொட்டுகிற தண்ணீர் செங்குத்துக் குழாயில் விழும்போது, வழியில் இருக்கும் காற்றையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டு போகும். போன காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் திக்கித் திணறி வரும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக ஒழுகும். உங்கள் குழாய்க்கு அந்த இரண்டாவது ஓட்டை இல்லை. அதனால் குழாய் தனக்கு வேண்டிய காற்றை, எந்த இடம் பலவீனமோ அந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டு எடுத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் அந்தப் பலவீனமான இடம் ஷவர் நானி ட்ராப். நீங்கள் கேட்கும் குளுக் சத்தம், அறைக் காற்று ட்ராப்பின் தண்ணீர் வழியாக உள்ளே போகும் சத்தம்.

டப்பைத் திறந்தால் ஏன் ஷவர் பக்கம் நாறுகிறது, டப்பு பக்கம் ஏன் நாறவில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். டப்பின் அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் கடைசித் தண்ணீர் மெதுவாக வடிந்து வரும். அதன் ட்ராப்பில் இருந்த தண்ணீர் இழுபட்டுப் போயிருந்தாலும் இந்த வடிநீர் அதைத் திரும்ப நிரப்பிவிடும். பக்கத்தில் சும்மா இருந்த ஷவர் ட்ராப்பை நிரப்ப யாரும் இல்லை. மறுநாள் ஒருவர் ஷவரில் குளித்ததும் அது நிரம்புகிறது, நாற்றம் நிற்கிறது. ஆசிட் கதையும் இதேதான். ஆசிட் ஊற்றிவிட்டு ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றியிருப்பீர்கள் அல்லவா? நாற்றத்தை நிறுத்தியது அந்த வாளித் தண்ணீர். ஆசிட்டால் ஜாலியின் பளபளப்பும் டைல்ஸ் இடுக்கில் அடைத்த பூச்சும் போனதுதான் மிச்சம். அப்புறம் ஒன்று: ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

என் கணிப்பு சரிதானா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஷவர் பக்கத்து ஜாலியை எடுத்துவிட்டு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ட்ராப்பில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு குச்சியை விட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டப்பை வழக்கமாகக் குளிக்கும் அளவுக்கு நிரப்பித் திறந்துவிட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் இறங்கி முடிந்ததும் மறுபடி குச்சியை விட்டுப் பாருங்கள். மட்டம் நன்றாகக் குறைந்திருந்தால் உறிஞ்சல்தான், சந்தேகமே வேண்டாம். சத்தம் எப்போது வருகிறது என்பதையும் கவனியுங்கள். திறந்த உடனேயே ஜாலியில் குமிழி மேலே கிளம்பினால், அல்லது தண்ணீரே மேலேறி வந்தால், விஷயம் வேறு. கீழே எங்கோ அடைப்பு இருக்கிறது. காற்றும் தண்ணீரும் முன்னே போக வழியில்லாமல் திரும்பி வருகின்றன. அப்படியானால் முதல் வேலை தரைமட்டத்துச் சேம்பரை, அதாவது கழிவுக் குழாய்கள் வந்து சேரும் மூடிபோட்ட குழியை, திறந்து பார்ப்பது.

சேம்பரைத் திறக்கும்போது இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். மாடியிலிருந்து வரும் குளியல் தண்ணீர் கல்லி ட்ராப்பில் (வெளியே தரைமட்டத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் ட்ராப்) விழுந்து பிறகு சேம்பருக்குப் போகிறதா, நேராகச் சேம்பரில் இறங்குகிறதா? நேராக இறங்கினால் செப்டிக் டேங்கின் வாயு உங்கள் மாடிவரை தடையில்லாமல் ஏறும். முட்டை அழுகிய நாற்றம் அடிக்கிறது என்றால் அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் மூக்குக்கு அது தெரியாமல் போய்விடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. சேம்பரில் அடைப்பு எடுக்க வருகிறவரைச் செப்டிக் டேங்குக்குள் இறங்க விடாதீர்கள், அவரே இறங்குகிறேன் என்றாலும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், இறங்கியவர் திரும்பி வராமல் போவது இன்றும் நடக்கிறது.

எக்ஸாஸ்ட் ஃபேன் விஷயத்தைச் சாதாரணமாக விட முடியாது. கதவைச் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் அது எங்கிருந்தாவது காற்றை இழுத்தாக வேண்டும். கதவுக்கு அடியில் இடுக்கு இல்லையென்றால், வறண்ட ட்ராப் வழியாகச் சாக்கடைக் காற்றை இழுக்கும். 2003-ல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்குச் சார்ஸ் நோய் பரவியது. அதை விசாரித்தவர்கள் கை காட்டிய காரணங்களில் முக்கியமானது இதுதான்: குளியலறைத் தரை ட்ராப்புகள் தண்ணீரின்றி வறண்டிருந்தன, எக்ஸாஸ்ட் ஃபேன்கள் கழிவுக் குழாயின் காற்றை வீட்டுக்குள் இழுத்தன. உங்கள் வீட்டில் அப்படி ஏதும் ஆகிவிடும் என்று பயமுறுத்தவில்லை. குளியலறைக் கதவின் அடியில் அரை அங்குலம் இடைவெளி விடச் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் அந்த மூடி. ஒட்டிய மூடியைக் கழற்ற முடியாது. குழாயை அறுத்து, கப்ளர் என்ற இணைப்பைப் போட்டு, மேலே தொடரவேண்டும். அளவைக் குறைக்காமல் அதே 75 மி.மீ. குழாயைச் சுவரோடு ஏற்றி மொட்டை மாடியைத் தாண்டிக் கொண்டுபோங்கள். மாடியில் நீங்கள் துணி காயப்போடுவீர்கள், சாயங்காலம் உட்காருவீர்கள். ஆகவே குழாயின் வாய் ஆள் உயரத்துக்கு மேலே, ஏழடியிலாவது இருக்கட்டும். ஜன்னல், மேல்நிலைத் தொட்டி இரண்டிலிருந்தும் பத்தடி தள்ளி இருந்தால் நல்லது. உச்சியில் வலை வைத்த வென்ட் கவல் (காற்று போகவிடும் தொப்பி) போடுங்கள். வலை இல்லாவிட்டால் கொசு உள்ளே போய்க் குடும்பம் நடத்தும். இந்த மேல்பகுதியில் காற்று மட்டுமே போவதால் எஸ்டபிள்யூஆர் குழாயில் (கழிவுக்கும் மழைநீருக்குமான பிவிசி குழாய்) ஏ வகையே போதும். ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தரத்தில் ஏ வகை காற்றுக்கும் மழைநீருக்கும், பி வகை கழிவுக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். விலை குறைவு என்று கழிவுக்கே ஏ வகையைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. உங்கள் குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

இதைச் செய்துவிட்டு மறுபடி குச்சிச் சோதனை. பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். ட்ராப்பிலிருந்து வெளிச்சுவர்க் குழாய்வரை தூரம் குறைவாக இருந்தால், மேலே திறந்த அந்த ஒரே குழாய் கழிவையும் கீழே விடும், காற்றையும் உள்ளே விடும். தூரம் அதிகமானால்தான் குளியலறைக் குழாய்க்கென்று தனியாக ஒரு காற்றுக் குழாய் தேவைப்படும்.

அந்தத் தூரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நம் மேஸ்திரிகள் சொல்லும் அடிக்குக் கால் அங்குல வாட்டம் இந்த அளவுக் குழாய்களுக்குச் சரியான வாட்டம்தான். ட்ராப்பை விட்டு வெளியேறும் குழாய், காற்றுக் குழாய் சேரும் இடத்தை அடைவதற்குள் தன் விட்டத்தைவிட அதிகமாகத் தாழ்ந்துவிடக் கூடாது. தாழ்ந்துவிட்டால் காற்று நுழையும் வாய் ட்ராப்பின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போய்விடும், சைஃபன், அதாவது குழாயே தண்ணீரை உறிஞ்சி இழுப்பது, ஆரம்பித்துவிடும். கால் அங்குல வாட்டத்தில் இரண்டு அங்குலக் குழாய் எட்டடியில் இரண்டு அங்குலம் தாழும். அமெரிக்காவின் ஐ.பி.சி. என்ற பிளம்பிங் விதி ஷவரின் இரண்டு அங்குலக் குழாய்க்கு 8 அடியும், டப்பின் ஒன்றரை அங்குலக் குழாய்க்கு 6 அடியும் அனுமதிப்பது இந்தக் கணக்கில்தான். அங்கேயே யு.பி.சி. என்ற இன்னொரு விதி கண்டிப்பானது: 5 அடி, மூன்றரை அடி. இதிலிருந்து ஒன்று தெரியும். வாட்டம் எவ்வளவு கூட்டினாலும் நல்லதுதான் என்று நினைத்து அடிக்கு அரை அங்குலம் கொடுக்கும் கொத்தனார், ட்ராப்பைக் கெடுக்கிறார். தண்ணீர் வேகமாகப் போகும், ட்ராப்பில் இருந்ததையும் கூட்டிக்கொண்டு போகும்.

தனிக் காற்றுக் குழாய் தேவைப்பட்டால் 50 மி.மீ. போதும். கிடைக் குழாயின் மேல்பாதியிலிருந்து அது கிளம்ப வேண்டும். பக்கவாட்டில் படுக்கவைத்து எடுத்தால் கழிவு அதற்குள் ஏறிப் படிந்து நாளடைவில் அடைத்துவிடும். பிறகு இருந்தும் இல்லாத மாதிரிதான். மேலே ஏறி, டப்பின் விளிம்பு, வாஷ் பேசின் விளிம்பு இரண்டில் எது உயரமோ அதைவிட அரையடி உயர்ந்த பிறகே திருப்பி, வெளிச்சுவர்க் குழாயோடு சேர்க்கலாம். நம் ஊரில் குழாய்கள் வெளிச்சுவரிலேயே ஓடுவது அழகுக்குக் கேடு என்று ஆர்க்கிடெக்ட்கள் அலுத்துக்கொள்வார்கள். பழுது பார்க்கும் எனக்கு அதுதான் வரம். சுவரில் ஒரு துளை போட்டால் போதும், டைல்ஸைத் தொட வேண்டியதில்லை. அமெரிக்க வீடுகளில் இதே வேலைக்குச் சுவர்ப் பலகையைப் பிரிக்க வேண்டும்.

110 மி.மீ. யோசனையில் அறவே நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய குழாயில் தண்ணீருக்கு மேலே காற்றுக்கு இடம் அதிகம், ஆகவே உறிஞ்சல் கொஞ்சம் குறையும். ஆனால் மேல்வாய் மூடியே இருந்தால் 110 போட்டும் சத்தம் வரும்; அதற்காகத் தரையை உடைத்து, சங்கன் ஸ்லாபில் (குழாய்களுக்காகத் தாழ்த்திப் போட்ட தளம்) நிரப்பியதைத் தோண்டி, வாட்டர்புரூஃபிங்கைக் கிழித்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்க வழி செய்துகொள்ள வேண்டாம்.

சில கடைகளில் ஏர் அட்மிட்டன்ஸ் வால்வு என்று ஒன்றைக் காட்டுவார்கள். உறிஞ்சல் வந்தால் திறந்து காற்றை உள்ளே விடும், மற்ற நேரம் மூடிக்கொள்ளும். குழாயை மொட்டை மாடிக்குக் கொண்டுபோக வழியே இல்லாத அடுக்குமாடி வீட்டில் உதவும். அது காற்றை உள்ளே விடுமே தவிர வெளியே விடாது. கீழிருந்து அழுத்தம் ஏறினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ரப்பர் கெட்டுப்போனால் மாற்றவும் வேண்டும், ஆகவே டைல்ஸுக்குள் புதைக்கக் கூடாது. திறந்த வானம் இருக்கும்போது உங்களுக்கு அது எதற்கு?

நானி ட்ராப்பையே ஒரு தடவை பாருங்கள். மலிவான பிவிசி ட்ராப்புகள் சிலவற்றில் 50 மி.மீ. தண்ணீர் நிற்காது, 25, 30 மி.மீ.தான் நிற்கும். இன்னும் சிலவற்றில் உள்ளே கவிழ்த்த கிண்ணம் போல ஒரு பாகம் இருக்கும். முடி சிக்குகிறது என்று சுத்தம் செய்பவர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடுவார். அது இல்லாவிட்டால் தடுப்பே இல்லை. டப்புக்குத் தனி ட்ராப் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இருக்க வேண்டும், ஒன்றே ஒன்று. டப்பின் ட்ராப்பிலிருந்து வரும் குழாயை ஷவர் நானி ட்ராப்புக்குள் விட்டிருந்தால் இரண்டு தண்ணீர்த் தடுப்புக்கு நடுவே காற்று மாட்டிக்கொள்ளும், டப்பு மெதுவாகத்தான் வடியும். டப்பின் பக்கவாட்டில் கழற்றக்கூடிய பலகை வைத்திருக்கிறார்களா? டைல்ஸ் வைத்து முழுக்க மூடியிருந்தால், என்றைக்காவது அந்த ட்ராப்பைத் தொட வேண்டியிருக்கும்போது உடைக்காமல் முடியாது.

வெயில் காலத்தில் பத்துப் பதினைந்து நாள் ஊருக்குப் போவீர்கள் என்றால், கிளம்பும் முன் ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கும். திருச்சி வெயிலுக்குத் தேங்காய் எண்ணெயே போதும். ஊட்டியில் செய்தால் உறைந்துவிடும்.

புதிதாகக் கட்டுகிறவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷவருக்கும் டப்புக்கும் தனித்தனியே காற்றுக் குழாய் போட வேண்டியதில்லை. வாஷ் பேசின் குழாயை 50 மி.மீ.யாகப் போட்டு, பேசினுக்கு மேலே அதை மொட்டை மாடிவரை நீட்டிவிடுங்கள். பேசினிலிருந்து வரும் தண்ணீர் கொஞ்சம்தான், குழாயின் பெரும்பகுதி காலியாகவே இருக்கும். அந்தக் காலி இடமே டப்புக்கும் ஷவருக்கும் காற்று வழி. மூன்றும் ஒரே குழாயில், சொன்ன தூரத்துக்குள் சேரவேண்டும். கழிப்பறையை அவற்றுக்கெல்லாம் கீழே, கடைசியாகச் சேர்க்க வேண்டும்.

உங்கள் பிளம்பரிடம் இதையெல்லாம் காட்டுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். வேலை அவருக்குத்தான் வருகிறது. முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் அவர் முன்னாலேயே டப்பை வழியும் துளைவரை நிரப்புங்கள். அடைப்பானை எடுக்கும் அதே நேரத்தில் கீழ்வீட்டுச் சமையலறைத் தொட்டியிலும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள். அந்தக் குழாயில் வாஷிங் மெஷினும் சேர்ந்திருந்தால் அதையும் தண்ணீர் வெளியேற்றும் கட்டத்தில் ஓடவிடுங்கள். எல்லாம் அடங்கியதும் குச்சியை விட்டுப் பாருங்கள். ஷவர் ட்ராப்பில் தண்ணீர் குறித்த இடத்திலேயே நின்றால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.